கெட்டுப்போகாத பிஸ்கட்டை எதற்குத் திரும்ப எடுக்கிறார்கள்?

கேள்வி இது: பிஸ்கட்டும் சாக்லேட்டும் நன்றாகத்தான் இருக்கின்றன, லேபிளில் 'பால்' என்றோ 'வேர்க்கடலை' என்றோ ஒரு சொல் விட்டுப்போனதற்காக மொத்தச் சரக்கையும் சந்தையிலிருந்து திரும்ப எடுப்பது கொஞ்சம் ஓவராக இல்லையா?

இல்லை. நான் ஒரு பிஸ்கட் ஆலையின் பேக்கிங் பிரிவில் தரப் பரிசோதகராக ஆறு வருடம் இருந்தவன், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

ரீகால், அதாவது இப்படிச் சரக்கைத் திரும்ப எடுப்பது என்றதும் கிருமி, பூச்சி, கண்ணாடித் துண்டு என்றுதான் மனசு போகும். ஆனால் அமெரிக்காவில் உணவு ரீகால்களுக்குப் பல வருடங்களாக முன்னணியில் நிற்கும் காரணம் லேபிளில் சொல்லாத அலர்ஜிப் பொருள்தான், அதிலும் பால்தான் அதிகம் மாட்டும். பெரும்பாலும் யாரும் எதையும் கலப்படம் செய்திருக்க மாட்டார்கள். நல்ல பண்டம் தப்பான உறைக்குள் போயிருக்கும், அவ்வளவுதான்.

எங்கள் ஆலையில் நடந்ததையே சொல்கிறேன். இரவு ஷிஃப்ட் முடியப் போகிற நேரம், லைனில் சாதா பிஸ்கட் முடிந்து முந்திரி பிஸ்கட் ஏறியிருந்தது. இரண்டுக்கும் ரேப்பர் ஒரே பழுப்பு நிறம், ஒரே எழுத்து, முந்திரி ரேப்பரில் மட்டும் ஓரத்தில் கட்டைவிரல் நகமளவு ஒரு முந்திரிப் படம் (எல்லாம் ஒரே குடும்பமாகத் தெரியவேண்டும் என்று டிசைன் செய்தவர்களுக்கு ஆசை). பாதி ஓடிய சாதா ரோலை யாரோ முந்திரி ரேக்கில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார், விடிகாலை ஐந்து மணித் தூக்கக் கலக்கத்தில் கைக்கு அகப்பட்டதை எடுத்து மாட்டிவிட்டார்கள். நாற்பது நிமிடம் ஓடியது. கண்டுபிடித்தது நானும் இல்லை, மெஷினும் இல்லை. பெட்டி அடுக்கும் அக்கா ஒருவர் கிழிந்த பாக்கெட்டைத் தூக்கிப் போடும்போது, "என்ன சார், உள்ளே முந்திரி இருக்கு, மேலே படத்தைக் காணோமே" என்றார். லைனை நிறுத்தி, கட்டிய பெட்டிகளை எல்லாம் பிரித்தோம். நல்லவேளை, ஒன்றும் லாரி ஏறவில்லை.

ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசியுங்கள். எடை சரி, ருசி சரி, தேதி சரி, கிருமிப் பரிசோதனையிலும் பாஸ். முந்திரி ஆகாத ஒரு குழந்தை, அம்மா லேபிளை வரி விடாமல் படித்துவிட்டுக் கொடுத்த பாக்கெட்டைத் தின்று, தொண்டை வீங்கி மூச்சுவிட முடியாமல் போயிருக்கும். அப்படி ஆகக்கூடியவர்களுக்கு இருக்கிற ஒரே காவல் அந்த லேபிள்தான். அதனால்தான் உயிருக்கு ஆபத்து வரலாம் என்கிற மாதிரி ரீகால்களை அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ முதல் வகுப்பில், அதாவது மிக ஆபத்தான வகையில் வைக்கிறது, சொல்லாமல் விட்ட வேர்க்கடலையும் பாலும் பல முறை அந்த வகுப்பில்தான் வந்து விழும்.

உறை மாறுவது ஒரு வழி. உடைந்த பிஸ்கட்டைப் பொடித்து அடுத்த மாவில் சேர்ப்பது இன்னொரு வழி, எந்தப் பொடி எந்த மாவில் போனது என்று எழுதி வைக்காவிட்டால் தீர்ந்தது. சாக்லேட் ஆலையின் தலைவலி வேறு: ஈரம் பட்டால் சாக்லேட் கெட்டியாகிக் கெட்டுவிடும், அதனால் மெஷினைத் தண்ணீர் விட்டுக் கழுவமாட்டார்கள். பால் சாக்லேட் ஓடிய அதே குழாயில் டார்க் சாக்லேட் ஓடும். சேர்மானப் பட்டியலில் பால் என்றே இல்லாத டார்க் சாக்லேட்டுகளை எஃப்டிஏ ஒருமுறை சோதித்ததில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் பால் இருந்தது.

சப்ளையரிடமிருந்து வருவதுதான் படு மோசம். 2014 கடைசியிலும் 2015 தொடக்கத்திலும் சீரகப் பொடியில் வேர்க்கடலைப் புரதம் இருப்பது தெரியவந்து, அந்தப் பொடியைப் போட்ட மசாலா, சூப், இறைச்சி என்று பல நூறு பொருட்களைத் திரும்ப எடுத்தார்கள். கடைசியாகப் பாக்கெட் போட்டவருக்குத் தன் ஆலைக்குள் கடலை வந்ததே தெரியாது!

எதைச் சொல்லியே ஆகவேண்டும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் 2004 சட்டப்படி எட்டு: பால், முட்டை, மீன், இறால் நண்டு வகை, மரக்கொட்டைகள், வேர்க்கடலை, கோதுமை, சோயா. எள் ஒன்பதாவதாகச் சேர்ந்தது 2023-இல். ஐரோப்பிய ஒன்றியத்தில் பதினான்கு. கடுகு அதில் உண்டு, அமெரிக்கப் பட்டியலில் இல்லை. எள் வந்தபோது ஒரு கூத்து நடந்தது: லைனை எள் படாமல் சுத்தம் செய்வது கஷ்டம் என்று சில பேக்கரிகள் வேண்டுமென்றே கொஞ்சம் எள் மாவைச் சேர்த்து, லேபிளிலும் 'எள்' என்று போட்டுவிட்டன. சட்டப்படி சரிதான், அதுவரை அந்த ரொட்டியை நம்பி வாங்கிய எள் அலர்ஜிக்காரர் கதி?

வீட்டில் அலர்ஜி உள்ளவர் இருந்தால், இருபது தடவை வாங்கிய பாக்கெட்டானாலும் இருபத்தோராவது தடவையும் படியுங்கள், சேர்மானம் சத்தமில்லாமல் மாறும். கேசீன், வே என்று இருந்தால் அதுவும் பால்தான். 'இருக்கக்கூடும்' என்ற எச்சரிக்கை வரி அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கட்டாயம் இல்லை, அதனால் அது இல்லாத பாக்கெட் சுத்தமானது என்று அர்த்தம் பண்ணிக்கொள்ளாதீர்கள். 'வீகன்' என்று போட்டிருந்தாலும் பால் துளியும் கலக்கவில்லை என்று உத்தரவாதம் கிடையாது. ரீகால் அறிவிப்பு வந்தால் பெயரை மட்டும் பார்க்காமல் பேட்ச் எண்ணையும் தேதியையும் ஒத்துப் பாருங்கள், பெரும்பாலும் ஒன்றிரண்டு பேட்ச்தான் மாட்டியிருக்கும். சாப்பிட்டபின் மூச்சுத்திணறல் வந்தால் அலர்ஜி மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள், எபினெஃப்ரின் ஊசி (கடும் அலர்ஜிக்கான அவசர ஊசி) இருந்தால் தொடையில் போட்டுவிட்டு உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

வீட்டில் யாருக்கும் அலர்ஜியே இல்லை என்றால், உண்மையைச் சொல்கிறேன், அந்தப் பிஸ்கட்டைத் தின்றாலும் உங்களுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் பிள்ளையின் பள்ளிப் பையில் மட்டும் போட்டு அனுப்பாதீர்கள், பக்கத்தில் உட்காரும் பிள்ளைக்கு அது பாதியை உடைத்துக் கொடுக்கும்.