பல்செட்டுக்காக நல்ல பல்லைத் தேய்த்தது சரியா?

பல்செட்டுக்காக மருத்துவர் உங்கள் நல்ல கடைவாய்ப்பல்லைச் சொல்லாமலே தேய்த்துக் குழி செய்தார், அதன்பிறகு பல் கூசுகிறது, இது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். தேய்த்தது தவறில்லை; கழற்றி மாட்டும் உலோகப் பல்செட்டுக்கு அது வழக்கமான முன்வேலையே. உங்கள் கடைவாய்ப்பல்லின் மேல் நீங்கள் கண்ட கரண்டி வடிவக் குழியில்தான் பல்செட்டின் உலோக நாக்கு உட்காரும். அந்தக் குழி இல்லாவிட்டால், மெல்லும் பாரம் முழுவதும் ஈறுகளின்மேல் இறங்கி, பல்செட் நாளடைவில் அமிழ்ந்து புண்ணாக்கும். இதை அளவெடுக்கும் முன்பே உங்களிடம் சொல்லியிருக்கலாம், அது வேறு விஷயம்.

அதன்பிறகு வந்த கூச்சத்துக்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: 1 முதல் 1.5 மி.மீ. ஆழத்தில் எனாமலுக்குள்ளேயே (பல்லின் கடினமான மேலுறை) நிற்க வேண்டிய குழி, எனாமல் மெலிந்த இடத்தில் அதன் அடியிலுள்ள, கூச்சம் உணரும் அடுக்கான டென்டினைத் தொட்டிருக்கும்.

பல்செட்டைக் கழற்றிவிட்டு ஒரு வாய் குளிர்ந்த நீர் கொப்பளித்துப் பாருங்கள். கூச்சம் சில நொடிகளில் அடங்கினால் ஃபுளோரைடு பூச்சோ சிறு அடைப்போ பெரும்பாலும் போதும். மாட்டிக் கடிக்கும்போது மட்டும் வலித்தால், உலோக நாக்கு சற்று உயர்ந்து நிற்கக்கூடும். மருத்துவர் கார்பன் தாளைக் கடிக்கவைத்து, கறை அழுத்தமாக விழும் இடத்தைச் சரிசெய்வார். எதிர்ப்பல்லைத் தேய்க்கலாம் என்றால் மட்டும் காரணத்தைக் கேளுங்கள். தேய்ந்த எனாமல் மறுபடி வளராது.

வலி நிமிடக்கணக்கில் நீடித்தாலோ இரவில் எழுப்பினாலோ, பற்கூழ் (பல்லுக்குள் நரம்பு உள்ள மென்பகுதி) பாதிக்கப்பட்டிருக்கலாம். எக்ஸ்ரே எடுக்காமல் மேற்கொண்டு எதையும் தேய்க்க விடாதீர்கள்.