அடிக்கும் பிள்ளையும் ஓடும் பிள்ளையும்: இளையர் பேஸ்பால் கேள்வி பதில்

கேள்வி (உயர்நிலைப் பள்ளி அணியின் துணைப் பயிற்றுவிப்பாளர்): ஹிட் அண்ட் ரன் (பந்து எறியும் பிட்சர் எறியத் தொடங்கியதும் பேஸில் நிற்கும் ரன்னர் ஓட, பேட்டர் கட்டாயம் மட்டையை வீசும் ஆட்டம்) சிக்னல் கொடுத்தேன். பந்து வெளியே போகிறதென்று பேட்டர் விட்டுவிட்டான்; ஃபர்ஸ்ட் பேஸிலிருந்து ஓடியவன் அவுட். யார் மேல் தப்பு?

பதில்: பேட்டர் மேல்தான், ஆனால் திட்டாதீர்கள். மோசமான பந்தை விடச் சொல்லிக் கொடுத்ததே நாம்தானே. இந்த ஆட்டத்தில் மட்டும் எட்டுகிற பந்து எதுவானாலும் மட்டையை வீச வேண்டும், தரையோடு அடிக்க வேண்டும். ரன்னர் கிளம்பியதும் செகண்ட் பேஸைக் காக்க, அதன் இரு பக்கமும் நிற்கும் ஷார்ட்ஸ்டாப்போ செகண்ட் பேஸ்மேனோ நகர்வார். அவர் விட்டுப்போன இடத்தில்தான் பந்து உருள வேண்டும். 2 பால் (அடிக்க எட்டாத வீச்சு) 1 ஸ்ட்ரைக் (அடிக்கத்தக்க வீச்சு) மாதிரி, பிட்சர் ஸ்ட்ரைக் போட நினைக்கும் நேரம் பார்த்துச் சிக்னல் கொடுங்கள். கண்டபடி எறியும் பிட்சரிடம் இது எதற்கு? சும்மா நின்றாலே வாக் (நான்கு பால் ஆனதும் ஃபர்ஸ்ட் பேஸுக்குச் சும்மா போவது) கிடைக்கும்.

ரன்னரும் இரண்டு மூன்று எட்டு வைத்ததும், ஓட்டத்தை நிறுத்தாமல் தலையை மட்டும் திருப்பிப் பேட்டரைப் பார்க்க வேண்டும். பந்து மேலே எழும்பினால் நிற்கணும், உருண்டால் ஓடணும். குனிந்த தலை நிமிராமல் ஓடும் பிள்ளைதான் டபுள் பிளேயில் (ஒரே ஆட்டத்தில் இருவர் அவுட்) மாட்டும்.

கேள்வி (ஓர் அப்பா): மகனுக்கு 10 வயது, லிட்டில் லீக் (சிறுவர் பேஸ்பால் அமைப்பு) விதிப்படி ஆடுகிறான். இதெல்லாம் பழகலாமா அண்ணே?

பதில்: இப்போது வேண்டாங்க. அந்த 60 அடி பேஸ் திடலில், பந்து பேட்டரை எட்டும்வரை ரன்னர் பேஸை விடக் கூடாது. முதலில் பண்ட் (மட்டையை வீசாமல் பந்தை மெல்லத் தட்டுவது) பழகட்டும்.

கேள்வி (உயர்நிலை 3 மாணவி, சாஃப்ட்பால்): கோச், ஸ்குவீஸில் (தேர்ட் பேஸில் நிற்பவர் ரன் எடுக்க பேட்டர் பண்ட் செய்வது) தேர்ட் பேஸிலிருந்து எப்போது கிளம்புவது?

பதில்: உங்கள் ஆட்டத்தில் பந்து பிட்சர் கையை விட்டதும் கிளம்பலாம்மா. பேஸ்பாலில் முன்னதாகவே ஓடலாம். ஆனால் அவசரப்பட்டால் பிட்சர் உஷாராகி, மட்டைக்கு எட்டாமல் எறிந்துவிடுவார். இரண்டு ஸ்ட்ரைக் ஆனபிறகு பண்ட் கோட்டுக்கு வெளியே போய் ஃபவுலானால் பேட்டர் அவுட், அதனால் அப்போது வேண்டாம். ஏற்கெனவே இருவர் அவுட் என்றாலும் வேண்டாம்.

கேள்வி: மின்னல் எச்சரிக்கை வந்து திடலை விட்டு வெளியேறினால்?

பதில்: பள்ளி மண்டபம், டென்னிஸ் பந்து. தலை திருப்பிப் பார்க்கும் பயிற்சிக்கு அது போதும்.

கேள்வி: பிள்ளைகள் சிக்னலை மறந்துவிடுகிறார்கள். தமிழிலேயே கத்திச் சொன்னால் என்ன?

பதில்: எதிரணியிலும் நம்ம பிள்ளைகள் இருப்பார்களே! தொப்பியைத் தொட்டபின் அடுத்துத் தொடுவதுதான் சிக்னல் என்று வையுங்கள். பேட்டர், ரன்னர் இருவரும் பெல்ட்டைத் தொட்டுப் பதில் தரட்டும். ஒருவர் தொடாவிட்டாலும் டைம் கேட்டு நிறுத்திவிடுங்கள்.