சிவப்புப் பேனாவைக் கீழே வையுங்கள்

தேவகோட்டை வாசகி ஒருவரின் கடிதம், சுருக்கமாக: கல்லூரியில் படிக்கும் 19 வயது மகளுக்குத் திடீர் திடீரென நெஞ்சு படபடக்கிறது. இ.சி.ஜி., தைராய்டு எல்லாம் சரி. ஆறு வாரமாக மதுரையில் சி.பி.டி. சிகிச்சை (எண்ணத்தையும் நடத்தையையும் சீராக்கும் பேச்சுவழிச் சிகிச்சை). "நோட்டு எழுதச் சொன்னாங்க. ராத்திரி நான் வாங்கிப் பார்த்து, 'செத்துருவேன்'னு அபசகுனமா எழுதியிருந்தா அடிச்சிட்டு நல்லதா மாத்திருவேன். எங்கே போனாலும் தண்ணி பாட்டிலோட கூடவே போறேன். அடுத்த மாசம் எங்க அண்ணனுக்குச் சாந்தி, மணிவிழா. கூட்டமா இருக்கும், அவளைக் கூட்டிட்டுப் போகலை. குணமே தெரியலை, டாக்டரை மாத்தலாமா?"

டாக்டரை மாற்ற வேண்டாம் ஆச்சி. நோட்டை அவளிடம் திருப்பிக் கொடுங்கள்.

பற்றையெல்லாம் அடித்துவிட்டு வரவை மட்டும் எழுதி வைத்தால் ஐந்தொகை, அதாவது மொத்தக் கணக்கு, நேராகுமா? கணக்குக்குப் பேர்போன சீமையில் இருந்துகொண்டு இதைத்தான் செய்கிறீர்கள். படபடப்பு வந்ததும் 'மாரடைப்பு, செத்துருவேன்' என்று மனம் தப்பாகப் படிக்கிறது. அந்தப் பயத்தில் அட்ரினலின் ஏறி, படபடப்பு இன்னும் கூடுகிறது. சிகிச்சை பிடிக்க வேண்டிய இடமே 'செத்துருவேன்' என்ற அந்தச் சொல்தான். அதை அடித்துவிட்டால் ஆலோசகர் எதை வைத்து வேலை செய்வார்? அம்மாவே பார்க்கப் பயப்படுகிற சொல் என்று பெண்ணுக்கும் பயம் கூடியிருக்கும்.

ஒரு பக்கம் இப்படி இருக்க வேண்டும். எங்கே: டவுன் பஸ். மனதில் ஓடியது, அவள் சொல்லிலேயே: 'செத்துருவேன்.' பயம்: 100-க்கு 90. அதற்குச் சான்று: மூச்சு முட்டியது, விரல் மரத்தது. எதிர்ச்சான்று: இதற்கு முன் வந்ததெல்லாம் தானாக அடங்கியது, இ.சி.ஜி. சரி; மாடிப்படி ஓடி ஏறினாலும் இதே படபடப்புதான். இப்போது என்ன நினைக்கிறாள்: 'இது பதற்றம், ஏறும், இறங்கும்.' பயம்: 55. அது போதும், பூஜ்யம் ஆக வேண்டியதில்லை. நீங்கள் எழுதி வைத்த 'கடவுள் காப்பாத்துவார்' எந்தக் கட்டத்திலும் சேராது. சாமியைக் கும்பிடுங்கள், நோட்டில் எழுதாதீர்கள். வந்த சூட்டோடு எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஒரு வாரத்துக்கும் சேர்த்து எழுதினால் வீண்.

சாகப் பயப்படுவது வேறு, சாக விரும்புவது வேறு. இரண்டாவதை அவள் எப்போதாவது சொன்னால் அன்றே ஆலோசகரைக் கூப்பிடுங்கள், அல்லது 14416-க்கு. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, கட்டணம் கிடையாது.

அடுத்தது பாட்டில். ஒவ்வொரு முறை அடங்கும்போதும் 'அம்மா தண்ணி கொடுத்ததால பிழைச்சேன்' என்றுதான் அவள் மனம் கணக்கு எழுதுகிறது. தானாக அடங்கும் என்பதைக் கற்றுக்கொள்ள நீங்கள் விடவேயில்லை. கூடவே நின்று 'நல்லா இழுத்து மூச்சு விடு' என்றும் சொல்லுவீர்களே! வேகமாக இழுத்து இழுத்து விட்டால் கரியமில வாயு குறைந்து தலை சுற்றும், விரல் மரக்கும், பயம் இரட்டிப்பாகும். மூச்சு விட்டே ஆக வேண்டுமென்றால் மூக்கால் மெதுவாக நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடட்டும்.

அம்மான் சாந்திக்குப் பெண் வராமல் இருப்பதா? எனக்கு இது ஒப்பவில்லை. நாலு பேர் கேட்பார்கள் என்பதற்காகச் சொல்லவில்லை. வீட்டில் விட்டுவிட்டுப் போனால் 'நீ நோயாளி' என்று நீங்களே முத்திரை குத்துகிறீர்கள். இன்னும் நாலு வாரம் இருக்கிறது. ஆலோசகரிடம் கேட்டு, கூட்டத்துக்கு அவளைப் பழக்கப் படிப்படியாகத் திட்டம் போடுங்கள். முதல் வாரம் உங்கள் அண்ணன் வீட்டு முகப்புத் திண்ணையில் அரை மணி. பிறகு ஆள் நடமாடும் நேரத்தில் வளவில், அதாவது உள்முற்றத்தில். பிறகு ஊரில் ஏதாவது ஒரு கல்யாணக் கூட்டம். பயம் உச்சத்தில் இருக்கும்போது எழுந்து ஓடினால் பயம்தான் ஜெயிக்கும். பாதியாகக் குறையும் வரை அங்கேயே இருக்கட்டும். ஒரு படி இரண்டு மூன்று தடவையாவது வேண்டும், ஒரே தடவையில் தாண்டிவிட்டாள் என்று அடுத்ததற்கு இழுக்காதீர்கள்.

'அம்மா, எனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?' என்று அவள் கேட்டால் 'ஆகாது ஆத்தா' என்ற பதில் பத்து நிமிஷம்தான் தாங்கும், மறுபடி கேட்பாள். 'நோட்டுல எழுதிட்டியா?' என்று மட்டும் கேளுங்கள், வாங்கிப் பார்க்காதீர்கள். 19 வயதுப் பெண்ணின் சிகிச்சை விவரம் அவளுக்குச் சொந்தம். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமே அந்த உரிமையைத் தருகிறது.

சாந்தியன்று பந்தியில் அவளுக்குப் பக்கத்து இலையில் உட்காராதீர்கள். எதிர் வரிசையில் உட்காருங்கள், பாட்டில் இல்லாமல்.