ஏன் கத்தவில்லை? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

எனக்கு வயது 36. சிறுவனாக இருந்தபோது குடும்பத்துக்கு நெருக்கமான ஒருவர் என்னிடம் தவறாக நடந்துகொண்டார். அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. இப்போது என் மகனுக்கு அதே வயது. எனக்குத் தூக்கம் போய்விட்டது. யாராவது பின்னாலிருந்து தோளைத் தொட்டால் தூக்கிவாரிப் போடுகிறது. அன்று ஏன் கத்தவில்லை என்று என்னையே திட்டிக்கொள்கிறேன். இத்தனை வருடம் கழித்து தெரபிக்குப் போய் என்ன ஆகப்போகிறது? போனால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்குமே?

பெயர் வேண்டாம்.

அன்புள்ள தம்பிக்கு,

நடந்ததில் உங்கள் தப்பு எள்ளளவும் இல்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பயம் உச்சத்துக்குப் போனால் உடம்பு சண்டை போடும், ஓடும், இல்லையென்றால் அப்படியே உறைந்துபோகும். நாக்கு எழாது, கைகால் அசையாது. யாரும் யோசித்து முடிவெடுத்து உறைவதில்லை. வளர்ந்தவர்களுக்கே இப்படி ஆகும். நீங்களோ குழந்தை. எதிரில் இருந்தவர் வீடே நம்பிய ஆள். பெரியவர்களை அண்டித்தான் குழந்தை வாழ்ந்தாக வேண்டும். அவர்கள் கெட்டவர்கள் என்று நினைப்பதைவிட ‘நான்தான் கெட்டவன்’ என்று நினைத்துக்கொள்வது அதற்குச் சுலபம். அன்று போட்ட அந்தக் கணக்கை இன்னும் சுமக்கிறீர்கள். உங்கள் மகன் செருப்பை மாட்டும்போது பாருங்கள், அந்தக் கால் எவ்வளவு சின்னது என்று. அவனிடம் போய் ‘ஏன் கத்தவில்லை’ என்று கேட்பீர்களா?

பிள்ளை அந்த வயதைத் தொடும்போது பழையதெல்லாம் கிளம்புவது பல பெற்றோருக்கு நடப்பதுதான். உங்களுக்குப் புத்தி கலங்கவில்லை.

சரி, தெரபி. முதல் நாளே எல்லாவற்றையும் கொட்டச் சொல்வது நல்ல சிகிச்சை அல்ல. மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992இல் எழுதிய சிகிச்சைப் படிகளின் வரிசையில் பாதுகாப்புதான் முதல் படி. தூக்கத்தைச் சீராக்குவது, பதற்றம் ஏறும்போது பாதத்தைத் தரையில் அழுத்தி, கண்ணெதிரே உள்ள பொருள்களைப் பெயர் சொல்லி இந்த நிமிடத்துக்குத் திரும்புவது, இதெல்லாம் அதில் வரும். நினைவைத் தொடுவதும் அதற்காக அழுவதும் அதற்கு அப்புறம்தான். இப்படிப்பட்ட அதிர்ச்சியின் பாதிப்புக்கு உலகச் சுகாதார நிறுவனம் 2013இல் பரிந்துரைத்த சிகிச்சைகளில் ஒன்று இஎம்டிஆர், அதாவது பழைய நினைவை மனதில் வைத்தபடி கண்ணை இடமும் வலமும் அசைக்கச் செய்யும் முறை. அதில் நடந்ததை விலாவாரியாக விவரிக்க வேண்டியதில்லை. உங்கள் பயத்துக்கு இது ஆறுதலாக இருக்கும். இந்தச் சிகிச்சை பெரியவர்களுக்கும் உரியது. 36 வயது தாமதமே இல்லை.

நினைவு அழியாது. ஆனால் அது நடந்து முடிந்த ஒன்றாக மாறும். இடையில் சில வாரங்கள் கனமாகவும் இருக்கலாம். தெரபிஸ்டிடம் அதைச் சொல்லுங்கள். அவர் ஒத்துவராவிட்டால் வேறொருவரைப் பாருங்கள். செத்துப்போகலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் அன்றைக்கே மருத்துவரிடம் போய்விடுங்கள்.

முதல் சந்திப்பில் ‘சின்ன வயதில் எனக்கு ஒன்று நடந்தது, இன்று அதைப் பேச வேண்டாம், முதலில் தூங்க வேண்டும்’ என்று சொன்னாலே போதும்.

அன்புடன்,
அக்கா