அப்பாவோடு பூப் பார்க்க

அன்புள்ள அண்ணா,

மதுரையிலிருந்து அப்பாவும் அம்மாவும் ஏப்ரலில் இங்கே நியூ ஜெர்சியில் இருக்கும் எடிசனுக்கு வருகிறார்கள். பென்சில்வேனியாவில் இருக்கும் பௌமன்ஸ் ஹில் காட்டுப்பூக் காப்பகத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து அங்கே அழைத்துப் போக ஆசை. ஆனால் அப்பாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி ஒரு வருஷம்தான் ஆகிறது. “நடக்க முடியாதவனுக்குக் காடு எதற்கம்மா” என்கிறார். போகலாமா?

எடிசனிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

கட்டாயம் போங்கள். அந்தக் காட்டில் மெதுவாக நடக்கிறவருக்குத்தான் நிறையக் கிடைக்கும். ஏப்ரல் பூக்களில் பாதி கணுக்கால் உயரம்கூட இருக்காது, போன வருஷத்துச் சருகை விலக்கிக்கொண்டு எட்டிப் பார்க்கும், விறுவிறுவென்று போகிறவர்கள் அதைத் தாண்டிப் போய்க்கொண்டே இருப்பார்கள்.

நியூ ஹோப் ஊருக்குத் தெற்கே, டெலவேர் ஆற்றை ஒட்டி இருக்கிறது காப்பகம், 134 ஏக்கர், 1934-ல் தொடங்கியது. நடுவே பிட்காக் ஓடை ஓடி ஆற்றில் சேர்கிறது. ஓடைக்கு இறங்கும் இடங்களில் சரிவு உண்டு, அப்பாவுக்கு ஒரு கைத்தடி வாங்கிக்கொடுங்கள், நுழைவாயிலில் வரைபடம் கேட்டு சமதளமாக இருக்கிற ஒரு சின்னப் பாதையை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஒன்று போதும். முழங்கால் ஒத்துழைக்காவிட்டால் பக்கத்திலேயே டெலவேர் கால்வாய்க் கரை இருக்கிறது, முன்பு நிலக்கரிப் படகுகளைக் கோவேறு கழுதைகள் இழுத்துப்போன பாதை, ஏற்ற இறக்கமே கிடையாது.

நாளைத் தள்ளிப்போடாதீர்கள். மரங்கள் துளிர்த்து நிழல் விழுவதற்குள் கிடைக்கிற சில வார வெயிலில்தான் இந்தச் செடிகள் பூத்து, காய்த்து, உணவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வர்ஜீனியா புளூபெல் ஏப்ரல் நடுவிலிருந்து பார்க்கலாம். மொட்டு இளஞ்சிவப்பு, விரிந்தால் நீலம், ஒரே கொத்தில் இரண்டும் தொங்கும். கோடை வந்தால் இலைகூட மிஞ்சாது, எல்லாம் மண்ணுக்குள் போய்விடும்.

அப்புறம் டிரில்லியம். மூன்று இலை, மூன்று இதழ். இதன் விதையில் கொழுப்பாக ஒரு சின்ன ஒட்டு இருக்கும், எறும்புகள் அதற்காகவே விதையைப் புற்றுக்கு இழுத்துப்போய், ஒட்டைத் தின்றுவிட்டு விதையைக் குப்பையில் போடும், அங்கேதான் முளைக்கும். வெள்ளை டிரில்லியம் விதையிலிருந்து பூக்க ஏழு வருஷமோ அதற்கு மேலோ ஆகும். மான்களுக்கு இது பிடித்த தீனி, காப்பகத்தைச் சுற்றி வேலி போட்டிருப்பது அதனால்தான். அம்மாவுக்கு ஒன்றைக் கிள்ளித் தலையில் வைத்துக்கொள்ளத் தோன்றலாம், தயவுசெய்து தடுத்துவிடுங்கள். பூவோடு அந்த மூன்று இலையும் வந்துவிட்டால் அந்த வருஷம் செடிக்குச் சாப்பாடே இல்லை, செத்தும் போகலாம்.

இன்னொன்று, உண்ணி. அது கடித்துப் பரவும் லைம் நோய் பென்சில்வேனியாவில் அதிகம். மூவரும் பேண்ட்டைச் சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள், பாதையை விட்டு இறங்க வேண்டாம், வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, காதின் பின்புறம் எல்லாம் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அப்பாவுக்கு நீங்களே பாருங்கள், அவர் “ஒன்றும் இல்லை” என்றுதான் சொல்வார்.