காது கேளாத தம்பியின் வாக்குமூலம்: அக்கா மொழிபெயர்த்தால் போதுமா?

சிங்கப்பூரின் ஈசூன் வட்டார வாசகி ஒருவரின் கேள்வி: பிறவியிலேயே காது கேளாத என் தம்பியை உடன் வேலை செய்பவர் அடித்துப் பணத்தைப் பறித்துக்கொண்டார். காவல் நிலையத்தில் தம்பி சைகையில் சொன்னதை நான்தான் எடுத்துச் சொன்னேன். அரைப் பக்கம் எழுதி, அவனிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டார்கள். இது போதுமா? அவனுடைய சைகையை நீதிமன்றம் ஏற்குமா?

பதில்: நீதிமன்றம் ஏற்கும். பேச இயலாத சாட்சி எழுத்தாலோ சைகையாலோ சாட்சியம் அளிக்கலாம் என்றும், அது வாய்மொழிச் சாட்சியமாகவே கருதப்படும் என்றும் சிங்கப்பூரின் சாட்சியச் சட்டம் கூறுகிறது.

கவலை தருவது அந்த அரைப் பக்கம்தான். சைகை மொழியில் 'அடித்தார்' என்று காட்டும் ஒரே அசைவில், யார் யாரை அடித்தார், எந்தப் பக்கம், எத்தனை முறை என்பதெல்லாம் அடங்கிவிடக்கூடும். பதற்றத்தில் இருந்த நீங்கள் அதை 'இவனை அடிச்சிட்டாரு' என்று மட்டும் சொல்லியிருக்கலாம். அதில் உங்கள் தவறு ஏதுமில்லை. ஆனால் விடுபட்ட விவரத்தைத் தம்பி பின்னர் நீதிமன்றத்தில் சொல்லும்போது, அதை அக்கா சொல்லிக்கொடுத்தாரா என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்பார். காயத்தைப் பார்த்தவர் என்ற முறையில் நீங்களே சாட்சியாக அழைக்கப்படலாம் என்பதால், மொழிபெயர்ப்பாளராகவும் இருப்பது வழக்கைப் பலவீனமாக்கும்.

ஆகவே, முதல் வாக்குமூலம் குடும்பத்தினர் வழியாகப் பெறப்பட்டதைக் குறிப்பிட்டு, தகுதிபெற்ற சைகை மொழிபெயர்ப்பாளருடன் கூடுதல் வாக்குமூலம் எடுக்குமாறு விசாரணை அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். 1955இல் தொடங்கப்பட்ட சிங்கப்பூர் காது கேளாதோர் சங்கம் இத்தகைய மொழிபெயர்ப்புச் சேவையை வழங்குகிறது. தம்பி பயன்படுத்துவது சிங்கப்பூர் சைகை மொழியா, வீட்டுக்குள் உருவான சைகைகளா என்பதையும் முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள். கேள்விகளைத் தாளில் ஆங்கிலத்தில் எழுதிக் காட்டினால் போதும் என்று சொல்லப்பட்டால் பணிவாக மறுத்துவிடலாம். சைகை மொழிக்குத் தனி இலக்கணம் உண்டு. ஆங்கிலத்தை ஓரளவு படிக்கத் தெரிந்தவருக்கும் வாக்குமூலத்தின் நடை பிடிபடாமல் போகலாம். வாக்குமூலத்தை வாசித்துக் காட்டி, ஆங்கிலம் புரியாதவருக்கு அவருக்குப் புரியும் மொழியில் சொன்ன பிறகே கையெழுத்துப் பெற வேண்டும் என்பது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 22ஆம் பிரிவு. தம்பி முழுவதும் புரிந்துகொள்ளும்வரை கையெழுத்திட அவசரப்பட வேண்டாம்.

விசாரணையின்போது உடனிருக்கத் தொண்டூழியரை அனுப்பும் 'அப்ரோப்ரியட் அடல்ட்' திட்டத்தைப் பலர் சைகை மொழிபெயர்ப்புச் சேவையுடன் குழப்பிக்கொள்கிறார்கள். அது அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மனநோய் ஆகியவை உள்ளவர்களுக்கானது. காது கேளாமைக்கு மட்டும் அது பொருந்தாது.

உடற்குறை போன்ற காரணங்களால் தம்மைத் தற்காத்துக்கொள்ளப் பெரிதும் இயலாதவர்களுக்கு எதிரான குற்றங்களுக்கு, இரு மடங்குவரை தண்டனை விதிக்கத் தண்டனைச் சட்டத்தின் 74ஏ பிரிவு 2020 ஜனவரி 1 முதல் இடமளிக்கிறது. காது கேளாமை மட்டுமே அதற்குப் போதுமானதாகிவிடாது. தம்பியின் நிலைமையை அதிகாரியிடம் விளக்கமாகச் சொல்லுங்கள். குற்றம் நிரூபணமானால் நீதிமன்றம் இழப்பீடு பற்றியும் பரிசீலிக்கும் என்பதால், மருத்துவ ரசீதுகள், காயத்தின் படங்கள், அந்த நபர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் எதையும் அழித்துவிடாதீர்கள்.

அவர் மீண்டும் மிரட்ட வந்தால், காது கேளாதோருக்கான காவல்துறை அவசரக் குறுஞ்செய்தி எண் 70999 தம்பியின் கைபேசியில் இன்றே பதிவாகியிருக்கட்டும். புளோக் எண், மாடி, நடப்பது என்ன ஆகிய மூன்றையும் முதல் செய்தியிலேயே அனுப்பச் சொல்லிக்கொடுங்கள்.