பமேலா ஹாரிமன் பாரிஸுக்கு அமெரிக்கத் தூதரானது திறமையாலா, பணக்காரக் கணவர்களாலா?

பணமும் உதவியது, இல்லை என்று யார் சொன்னது? ஆனால் "வெறும் விருந்து வைத்தே பதவி வாங்கியவர்" என்று கேள்வியோடு ஒட்ட வைத்திருக்கிறீர்களே, அந்த 'வெறும்' தான் என்னை எழுத வைத்தது. அவருடைய காதல் கதைகளை மட்டும் எங்கோ படித்துவிட்டு வந்திருப்பீர்கள்.

1920இல் இங்கிலாந்தில் பிரபு குடும்பத்தில் பிறந்தவர். 19 வயதில் சர்ச்சிலின் மகனைக் கட்டிக்கொண்டார், அது நிலைக்கவில்லை. போர்க்காலத்தில் லண்டனில் பழகிய, அமெரிக்கப் பெரும் பணக்காரரும் அரசியல்வாதியுமான ஆவ்ரல் ஹாரிமனையே 1971இல் மணந்து அமெரிக்கக் குடியுரிமை வாங்கினார். 1980இல் ரீகன் ஜெயித்து, செனட்டும் கைவிட்டுப் போய், ஜனநாயகக் கட்சி துவண்டு கிடந்த நேரம். வாஷிங்டனில் ஜார்ஜ்டவுன் பகுதியில் இருந்த தன் வீட்டுக்குத் தலைவர்களையும் பணக்காரர்களையும் வரவழைத்துப் பேச வைத்து, சாப்பாடு போட்டு, கட்சிக்கு நிதி சேர்த்தவர் இவர்.

அது எப்படிப்பட்ட வேலை என்று எனக்குத் தெரியும். வாஷிங்டன் பக்கம் ஒரு தொண்டு நிறுவனத்தில் நிதி திரட்டுவதுதான் என் பிழைப்பு. எங்கள் கொடையாளர் ஒருவருக்கு இடது காது கேட்காது. ஆண்டு விருந்தில் அவருடைய வலப்பக்கத்து நாற்காலியில் ஒரு பள்ளி ஆசிரியையை உட்கார வைத்தேன். பெரிய ஆள் ஒருவர் அந்த இடத்தைக் கேட்டார், தரவில்லை. ஐஸ்கிரீம் வருவதற்குள் புது வகுப்பறைக்கு எவ்வளவு ஆகும் என்று மனிதர் விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். மறுநாள் கூட்டத்தில் இயக்குநர், தன் உரைதான் அவர் மனதைத் தொட்டது என்றார். என்னைப் பார்த்து, "பூ அலங்காரம் பிரமாதம்."

உடனே ஹாரிமனோடு என்னை ஒப்பிடுகிறேன் என்று கிளம்பி வராதீர்கள். அவர் வீட்டுச் சுவரில் வான் கோ ஓவியம், என் வீட்டில் மளிகைக் கடைக் காலண்டர். சொத்தைக் கரைத்துவிட்டார் என்று கணவரின் வாரிசுகள் 1994இல் வழக்குப் போட்டு, அது சமரசத்தில் முடிந்ததும் எனக்குத் தெரியும்.

சரி, பதவிக்கு வருவோம். கிளிண்டன் 1993இல் அனுப்பினார். பிரான்ஸுக்கு அமெரிக்கா அனுப்பிய முதல் பெண் தூதர். 1995இல் ஐந்து அமெரிக்கர்களை ஒற்றர்கள் என்று சொல்லி பிரான்ஸ் வெளியேறச் சொன்னபோது அந்த நாற்காலியில் இருந்தவர் இவர்தான். அதே ஆண்டு டிசம்பரில் போஸ்னியப் போரை முடித்து வைத்த ஒப்பந்தம் கையெழுத்தானதும் பாரிஸில்தான். 1997 பிப்ரவரியில் பதவியில் இருக்கும்போதே இறந்தார். சவப்பெட்டி மீது பிரான்ஸின் உயரிய விருதை அதிபர் சிராக்கே வைத்தார். வெறும் விருந்துக்காரிக்கு யார் வைப்பார்கள்?

அப்புறம், அந்த ஆண்டு விருந்தன்று ஹோட்டலில் வண்டி நிறுத்த என் கைக்காசைத்தான் கொடுத்தேன். கணக்குப் பிரிவு இன்னும் தரவில்லை. ரசீதில் மை மங்கிவிட்டதாம். கொடுத்தபோது நன்றாகத்தான் இருந்தது, அவர்கள் மேசையில்தான் மாதக்கணக்கில் கிடந்தது.